முழங்காலுக்குக் கீழே

எல்லே விளையாட்டுக்கு ஒரு சட்டப் புத்தகம் இருக்கிறது,
விளையாட்டு உத்தியோகத்தரின் அலுமாரியில்,
பாதி கரையான் படித்தது.
ஓடுகிறவளில் பந்து பட்டால் அவள் அவுட்.
எங்கே பட வேண்டும் என்று அதில் இல்லை.

முற்றவெளியில் நாங்கள் அறிந்தது வேறு.
முழங்காலுக்குக் கீழே எறி.
விழுந்தவள் எழும்பும்வரை பந்தைக் கையில் வை.
இருபது ஓட்டம் முந்திவிட்டால் சிரிக்காதே.
அடிபிடி என்று வந்தால்
தடியைக் கீழே போட்டுவிட்டு வா,
கொண்டையில் கை வைக்காதே,
ஆனால் வா.
வாங்கில் இருக்கிறவளும் வர வேண்டும்,
காலில் பிளாஸ்டர் போட்டவளும்.
வராதவளுக்குத் திரும்பிப் போகும் பஸ்ஸில் சீட் இல்லை.

சித்திரைப் போட்டியில்
பாலையூற்று மெட்டில்டா
எங்கள் வினோதரஞ்சினியின் காதுக்கு எறிந்தாள்.
வினோதா விழுந்து கிடந்தாள் அப்போது.
நல்லரெத்தினம் விசில் ஊதி அவுட் என்றார்.
புத்தகப்படி சரி.
அவளுடைய இடது காதில் இன்றைக்கும்
துறைமுகத்து மா ஆலை இரைகிறதாம்.
கூப்பிட்டால் முழு உடம்போடும் திரும்புகிறாள்.

ஆவணி. அதே மைதானம்.
கப்டன் பத்மலோஜினி நீர்ச்சபையில் பில் எழுதுகிறவள்,
ஒரு சதம் மறக்காதவள்.
ஒன்றும் சொல்லவில்லை.
என்னை மூன்றாம் தரிப்புக்கு மாற்றினாள்.
பந்தை என் உள்ளங்கையில் வைத்து
விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.
பிறகு திருப்பி வாங்கிக்கொண்டு போனாள்.

மெட்டில்டா அடித்தது பஸ் நிலையப் பக்கம், உயரமாய்.
பந்து மூன்று கை மாறி என்னிடம் வர
அவள் இரண்டாம் தரிப்பைத் தாண்டியிருந்தாள்.
அவளுக்கும் தெரியும்.
தெரிந்தபடியால்தான் வேகத்தைக் குறைத்தாள்.
தலையைக் கைகளால் மூடவில்லை.
வலது தோளை எனக்குத் திருப்பியபடி வந்தாள்,
கடன்பட்டவள் தானே படலையைத் திறந்து வந்து
எவ்வளவு என்று கேட்பதுபோல.

அதுவும் ஒரு சட்டம்தான்:
வாங்க வேண்டியதை ஒருதரம் வாங்கு. அதோடு சரி.

நான் தோளுக்குத்தான் எறிந்தேன்.
கச்சான் காத்து என்று சொன்னால் நம்புவீர்களா?
தோளுக்குத்தான்.
பட்டது காதடியில்.

முதலில் தடிகள் விழுந்த சத்தம்,
மூங்கிலில் மூங்கில்.
பிறகு இருபக்கமும் இருந்து எல்லாரும்.
"விடடி." "நீ முதல் விடடி."
என் கழுத்தைப் பிடித்தவள் ஸ்டெலின்டா,
ஆஸ்பத்திரியில் எனக்கு விடிய நம்பர் எடுத்துத் தருகிறவள்.
பிடித்தாள், இறுக்கவில்லை.
காதுக்குள் "சத்தம் போடு" என்றாள்.
போட்டேன்.

வினோதாவும் வந்தாள்.
யாரையும் பிடிக்காமல், யாரையும் தள்ளாமல்
மெட்டில்டாவின் அடிபட்ட பக்கம் போய் நின்று,
மெல்லமாய்,
"கேக்குதா?" என்றாள்.

"என்ன?" என்றாள் மெட்டில்டா.

அதன்பிறகு யாருக்கும் கை ஓடவில்லை.

கோட்டைப் பக்கத்து மான்கள் அந்த நேரம் பார்த்து
மைதானத்துக்குள் இறங்கின.
மான் வந்தால் ஆட்டம் நிற்கும். சண்டையும்தான்.
ஒன்று நடுவர் மேசைக்குப் போய்
புள்ளித் தாளை மூலையிலிருந்து தின்னத் தொடங்கியது.
நல்லரெத்தினம் விசிலை வாயில் வைத்தார்,
ஊதவில்லை.
பத்மலோஜினி பார்த்துக்கொண்டு நின்றாள்.
நாங்கள் எல்லாரும்தான்.

பதினாறு எங்களுக்கு என்கிறோம்.
பதினாறு தங்களுக்கு என்கிறார்கள்.

தாள் போனால் என்ன, மற்றக் கணக்கு நிற்கிறது,
மிச்சம் என் பக்கம்.
வருகிற சித்திரையில்
மெட்டில்டா மூன்றாம் தரிப்பில் நிற்பாள்.
நான் ஓடுவேன், மெதுவாய்.
எந்தத் தோளைத் திருப்புவது என்று
இன்னும் யோசிக்கவில்லை.