இரண்டாவது லாரி

ஓடாத ஒரு லாரிக்கு
மூன்று வாரம் கணக்கெழுதினேன்.
நியூகாசில் துறைமுகத்திலிருந்து
கோபார் தங்கச் சுரங்கம் வரை
அது குடிக்காத டீசல்,
தேயாத டயர்,
அதை ஓட்டாத ஆளுக்குக்
கொடுக்காத சம்பளம், இரவுப்படி.
நடைக்கு ஆயிரத்து எண்ணூற்று அறுபது டாலர்.
நடை முப்பத்தொன்று.

ஓடிய லாரி ஒன்றுதான்.
முன்பாதியில் சயனைடு பெட்டிகள்,
பின்பாதியில் அமிலப் பீப்பாய்கள்,
நடுவில் ஒரு தார்ப்பாய்.
இரண்டும் கலந்தால் என்ன ஆகும் என்று
ரசாயன நிபுணர் காலையிலேயே சாட்சி சொல்லிவிட்டார்.
வாதுமை வாசனை வரும் என்றார்,
எல்லார் மூக்குக்கும் எட்டாது என்றார்.
டப்போ நீதிமன்றத்தின் பின்வரிசையில்
யாரோ மெல்ல மூச்சை இழுத்துப் பார்த்தார்கள்.

வாசனை என் வேலை அல்ல.
என்ன இழந்தார்கள் என்று சட்டம் என்னிடம் கேட்கவில்லை.
என்ன மிச்சம் பிடித்தார்கள், அதை மட்டும்.

"எதுவும் நடக்கவில்லையே" என்றார் டரெல் ட்ரெதோவன்,
கடை மடிப்புக் கலையாத சட்டையில்.
உண்மை.
நைங்கன் பேக்கரி வாசலில் லாரி நின்றது,
நீச்சல்குளத்துப் பிள்ளைகள் ஈரத்தலையோடு
அதன் நிழலில் செருப்பு மாட்டினார்கள்,
எதுவும் நடக்கவில்லை.
போகன் ஆற்றுப் பாலத்தருகே
கங்காரு ஒன்று குறுக்கே பாய்ந்தது,
பிரேக் கதறியது,
ஒரு பீப்பாய் அரையடி நகர்ந்தது,
எதுவும்
நடக்கவில்லை.

இன்னொரு லாரி வேண்டுமென்று
கிடங்கு மேலாளர் எழுதிய தாளின் ஓரத்தில்
பச்சை மையில் முதலாளியின் கையெழுத்து:
தண்டச் செலவு.

"ஓடாத லாரிக்கு டயர் தேய்மானமா,
திருமதி வ்ராகாஸ்?" என்றார் அவர் வக்கீல்.
ஓடியிருந்தால் தேய்ந்திருக்கும் என்றேன்.
யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை,
அந்த லாரியை அதற்குள்
எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பிறகு ஓட்டுநர், கென் ஸ்க்ரிம்ஷா.
பயிற்சி வகுப்புக்கு அவரை அனுப்பவே இல்லை
(ஆயிரத்து நூற்று நாற்பத்தைந்து, அதையும் கூட்டினேன்).
நடைக்கு நாற்பது டாலர், உறையில், கையோடு கை.
மகளுக்குப் பல்லில் கம்பி கட்டினாராம்.
அந்த ஆயிரத்து இருநூற்று நாற்பதையாவது
கழித்துக் கொடுங்கள் என்றார் வக்கீல்.
மொத்த ஆதாயம்தான் கணக்கு, செலவு கழியாது.
கென் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
முப்பத்தொரு முறை வாய்மூடி இருந்தது
ஒரு செலவாகக்கூடத் தேறவில்லையா
என்று கேட்கிற பார்வை.
நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

ஐம்பத்தெட்டாயிரத்து எண்ணூற்று ஐந்து.
மூன்று மடங்கு வரை போகலாம் சட்டம்.
மாஜிஸ்ட்ரேட் ஐலீன் கார்மடி
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
இரண்டு என்றார்.
காரணம் சொன்னார், நீளமாக; எனக்குப் பிடிபட்டது இவ்வளவே:
ஓடாத லாரிக்கு ஒன்று,
ஓடியதற்கு ஒன்று.
ஒரு லட்சத்துப் பதினேழாயிரத்து அறுநூற்றுப் பத்து டாலர்
தண்டம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.
கறுப்பு மை.

பிழைப்பில் மண் என்று படிக்கட்டில் ட்ரெதோவன்
தொலைபேசியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.
பிழைத்தது நைங்கன்.
அந்த ஊருக்கு யாரும் தொலைபேசியில் சொன்னதாகத் தெரியவில்லை.

வீடு திரும்பும் வழியில், வெலிங்டன் தாண்டி,
பெட்ரோல் நிலையத்தில் காபி வாங்கி நின்றேன்.
மண்டையோட்டுச் சாய்சதுரப் பலகையோடு
ஒரு லாரி போனது.
ஏழு நிமிடம் கழித்து
அதே நிறுவனத்தின் இன்னொரு லாரி,
இதில் எட்டாம் எண், அமிலம்.

இடையில் வெறும் சாலை.
நடைக்கு ஆயிரத்து எண்ணூற்று அறுபது டாலர்
பெறுமானமுள்ள வெறும் சாலை.
ஒரு மேக்பை அதில் இறங்கி,
எதையோ கொத்திப் பார்த்து,
பறக்காமல்
நடந்தே கடந்தது.