வரிசை எண் 41

தாத்தாவின் குழியைத் தேடித்தான் போனேன்.
பத்தாங் பெர்ஜுந்தை இப்போது பெஸ்தாரி ஜெயா.
ஊரே பேர் மாற்றிக்கொண்டு
பழைய வெயிலில் நிற்கிறது.

மயானக் கமிட்டி மாசிலாமணி
மைலோ டின்களை நகர்த்திவிட்டுப்
பேரேட்டை எடுத்துத் தந்தார்.
பாதி கரையான், மீதி கிராணியின் கையெழுத்து.

தாத்தா இல்லை.
நாற்பத்தோராவது வரியில் நான் இருந்தேன்.

சன்னாசி, த/பெ ஒண்டிமுத்து.
ஆண். ஒன்றரை வயது. காய்ச்சல்.
ஐம்பத்தாறு, நவம்பர்.

அம்மா அப்போது நாலு மாதம்.

அடுத்த வருஷத்துக் குடிக்கணக்கு நகல்
அதே பெட்டியில், துருப்பிடித்த ஊசியோடு:
ஏழாம் லயம், மூன்றாம் கதவு,
பெரியவர் இருவர், ஆண்பிள்ளை ஒன்று, வயது இரண்டு.
அந்த ஜூனில் எனக்குக் கழுத்தே நின்றிருக்காது.

அப்பா சிக்கனக்காரர்.
பிறப்புப் பத்திரம் ஒன்று சும்மா கிடக்கிறதே என்று
என்னை அதற்குள் போட்டுவிட்டார்.
சட்டை கொஞ்சம் தொளதொளப்பு,
வளர்ந்தால் சரியாகும்.

செம்பனை மில்லில் லாரி ஓட்டி
ஐம்பத்தைந்தில் ஓய்வுபெற்ற சன்னாசிக்கு
ஐம்பத்துமூன்றுதான்.
ஒன்றாம் வகுப்பில் எல்லாருக்கும் குள்ளமாக நின்றதும்
அதனால்தான் போல.

குழி எங்கே என்றேன்.
வடக்கு மூலையில், கன்று நட்டபோது மேடு போய்விட்டது.
பார்வையாளர் தாளை நீட்டினார்.

இறந்தவருக்கு என்ன உறவு என்ற கட்டத்தில்
தம்பி என்று எழுதினேன்.
பெயர் கேட்ட கட்டத்தில், வேறு வழியில்லை,
சன்னாசி.

மாசிலாமணி கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்:
"இடம் மாத்தி எழுதிட்டீங்களேண்ணே."