ஆறாம் வரிசை

சாட்ஸ்வொர்த்தில், சந்தைக்கு எதிர்மாடியில்
என் டிக்கெட் கடை.
இருபத்தாறு வருஷமாய் இருக்கை விற்கிறேன்,
படுக்கையாய் விரிகிற இருக்கைகளும் சேர்த்து.
அதில் ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை.
ஆனாலும் எங்கே முதுகு வலிக்கும், எங்கே வலிக்காது என்று
விலாவாரியாய்ச் சொல்வேன்.

பூபாலன் மூட்லி வந்தார், லோகாம்பாளோடு.
சர்க்கரை ஆலையில் கணக்குப் பார்த்த பணம்
ஓய்வில் மொத்தமாய் வந்திருந்தது.
டொராண்டோவில் மகன், புதுப் பேத்தி.
"இந்த ஒரு தடவை முன்னாலே உட்கார்ந்து போகிறோம்.
எது நல்லது, சொல்லு."

மூன்று கம்பெனி. மேசைமேல் மூன்று வரைபடம்.

முதலாவது பழைய விமானம். இரண்டிரண்டாய் இருக்கை.
மெத்தை அகலம், கால் நீட்டத் தடையில்லை,
ஜன்னலோரத்துக்காரர் கழிவறைக்குப் போக மட்டும்
தூங்குகிறவரின் முழங்காலைத் தாண்ட வேண்டும்.
இரண்டாவது, மீன் முள் போலச் சாய்த்து அடுக்கியது.
தோள் இருக்கிற இடத்தில் தாராளம்,
பாதம் போகிற இடத்தில் ஒரு செருப்புப் பெட்டி.
மூன்றாவதில் கதவு.
நெஞ்சளவு உயரம், இழுத்தால் தனி அறை.
நடுவில் ஜோடி இருக்கை,
இடையே ஏறி இறங்கும் ஒரு தட்டி.

"அந்த நடு ஜோடியைப் போடு," என்றார் பூபாலன்.
"தட்டியை இறக்கிவிட்டால் நம் வீட்டு ஹால்தான்."
லோகாவின் விரல்
வரைபடத்தில் வேறெங்கோ இருந்தது.

சாயந்திரம் போன். தமிழில் பேசினாள்.
சனிக்கிழமைப் பாடசாலையில் நாங்கள் ஒரே பெஞ்சு.
பூபாலனுக்கு அந்த மொழி
வணக்கம், சாம்பார், அதோடு சரி.
பக்கத்தில்தான் இருக்கிறார்; கிரிக்கெட் சத்தம் கேட்டது.

"அந்தத் தட்டியை யார் ஏற்றலாம்?"
யார் வேண்டுமானாலும். பொத்தான் இரண்டு பக்கமும்.
"ஏறும்போது சத்தம் வருமா?"
இருபத்தாறு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி.
தெரியாது என்றேன்.

"ஏற்றினால், ஏன் ஏற்றினாய் என்பார்.
ஏற்றாவிட்டால்
என்ன படம், எதற்குச் சிரித்தாய், மாத்திரை போட்டாயா,
கோழியா மீனா.
கெட்டவர் இல்லை, கோகிலா.
நல்லவர். நாற்பத்தொரு வருஷமாய்ப்
பக்கத்திலேயே இருக்கிற நல்லவர்."

யாரோ அவுட். அவர் கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"ஜன்னலோரம் தனித்தனியாய் இருக்கிறதே,
இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எத்தனை அடி?"
பதினைந்து இருக்கும். நடுவில் இரண்டு நடைபாதை, அந்த ஜோடி.
"போதும். மற்றதெல்லாம் நிரம்பிவிட்டது என்று சொல்லிவிடு."

நிரம்பவில்லை. பாதி விமானம் காலி.
காவடிக்கு விரதமிருக்கிறவள் நான்; பொய்க்குக் கூசும்.
ஆறாம் வரிசையில் இரண்டு ஓரத்தையும்
அழுத்தினேன்.

ஏழு வாரம் கழித்து வந்தாள்.
அவர் கீழே காருக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்.
"கால் பெட்டி குறுகல்," என்றாள்.
"புரண்டால் முழங்கால் இடிக்கிறது. தலையணை சுகம்.
கதவு முழுசாய் மூடாது, இரண்டு விரல் சந்து விடுகிறது,
அதன் வழியே பணிப்பெண்ணின் ஷூ
போவதும் வருவதும்."

இவ்வளவுதானா என்று பார்த்தேன்.

"பதினான்கு மணி நேரம். ஒரு படமும் போடவில்லை.
சும்மா கிடந்தேன்."
அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினாள்,
கடையில் வேறு யாரும் இல்லாதபோதும்.

படியேறி வந்தார் பூபாலன், மூச்சு வாங்க,
கையில் எனக்கொரு மேப்பிள் பாகு பாட்டில்.
"அடுத்த தடவை சீக்கிரமே புக் பண்ணு,
நடு ஜோடி போய்விடுகிறது.
பாவம், இவள் தனியாய்க் கிடந்தாள்.
நாலு தடவை எழுந்துபோய்ப் பார்த்தேன்.
கதவு மூடியிருந்தது.
தட்டவில்லை."

லோகா சுவரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
போன மாதத் தாள், நான் கிழிக்க மறந்தது.
பாட்டிலை வாங்கி வைத்துவிட்டு
சரி என்றேன்,
ஆங்கிலத்தில்.