கல் நடாத நாடு

பகலில் நான் காங்கயம் தாலுகா சர்வேயர்.
கிளுவை வேலிக்கு இந்தப் பக்கம் தேவணன்,
அந்தப் பக்கம் அவர் தம்பி.
நடுவே எட்டடி இட்டேரி.
டேப்பின் ஒரு நுனியைத் தலையாரி பிடிக்க
மறு நுனியில் இரண்டு வக்கீல்கள் மூச்சு விடுகிறார்கள்.

இரவில், எண்ணெய் மில்லுக்கு மேலே
என் வாடகை அறையில்
குதிரை ஏறுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
தூரத்தில் ஒரு மலை தெரிந்தால்
அது ஒட்டிவைத்த படமல்ல, போகலாம்.
யாருடைய சோளக்காட்டையும் மிதித்து
நேர்கோட்டில் போகலாம்.
"ஆருங்க அது?" என்று ஒரு குரல் வராது.
ஒருநாள் மூன்று மணிக்குக் கணவாய் ஏறினேன்.
கீழே ஏரி, ஏரிக்குள் இரண்டு நிலா.
இருபது வருட சர்வீஸில்
அளக்கத் தோன்றாத முதல் நிலம்.

அப்புறம், குறை.
குகையெல்லாம் ஒரே அச்சு;
எட்டாவது குகையில் பெட்டி எந்த மூலையில் என்று
கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன்.
சந்தையில் கத்தி விற்பவன் வீட்டில்
நேற்றுத்தான் திருடினேன், இன்றைக்கு
"வருக வீரரே" என்கிறான், அதே பல்லோடு.
(இங்கே ஒரு வாழைத்தார் காணாமல் போனால்
மூன்று தலைமுறைக்கு
நல்லது கெட்டதுக்குப் போக மாட்டார்கள்.)
உலகை விழுங்கப்போகும் டிராகன்
நான் மூலிகை பறித்து முடிக்கிற வரைக்கும்
மலையுச்சியில் கொட்டாவி விடுகிறது.

பாலத்தடியில் ஒருத்தி.
"என் ஆடு அக்கரையில் மாட்டிக்கொண்டது."
நாற்பத்தாறு நாளாகச் சொல்கிறாள்.
குரல் கம்மவில்லை. ஆடு மெலியவில்லை.
அப்புறம் பார்த்துக்கலாம் என்று
குதிரையைத் தட்டிவிடுவேன்.

போன வாரம் பூவாத்தாளின் மனுவை எடுத்தேன்.
பால் வண்டி வந்துபோகத் தடம் அளந்து கேட்ட மனு.
இரண்டு தடவை தேதியைத் தள்ளிப்போட்டது நான்தான்.
ஒருமுறை தேர்தல் வேலை.
ஒருமுறை, விடிய விடிய விளையாடிவிட்டுத் தலைவலி.

போய் நின்றால் கட்டுத்தரை காலி.
சாணி காய்ந்து வெடித்திருக்கிறது.
"மாட்டையெல்லாம் வித்துப்போட்டனுங்க சார்,
இனித் தடம் எதுக்குங்க" என்றவள்
மோர் இல்லையே என்று சங்கடப்பட்டு
தண்ணிச் சொம்பை நீட்டினாள்.
இருந்தும் அளந்தேன்.
ஏழடி மூன்று அங்குலம்.

அன்றிரவு நேராகப் பாலத்தடிக்குப் போனேன்.
ஆட்டைப் பிடித்துக் கொடுத்தேன்.
ஐம்பது பொற்காசு, ஒரு மோதிரம்.
"நீங்கள் வருவீர்கள் என்று தெரியும்" என்றாள்.
திரையை அணைத்திருக்கலாம்.
வடக்கே ஓட்டினேன், ஓட்டினேன்,
பனி தாண்டி, பாழடைந்த கோட்டை தாண்டி,
ஓரிடத்தில் குதிரை நின்றுவிட்டது.

முன்னால் புல்வெளி தெரிகிறது.
காற்றுக்குப் புல் அசைகிறது.
குளம்பு மட்டும் நகரவில்லை.
"இதற்கு மேல் வழி இல்லை"
என்று எழுத்து வந்தது.

வேலி இல்லை. கல் இல்லை.
யார் பட்டா என்றும் போடவில்லை.