ஏழாம் அறை

பணி மாறும்போது டார்லீன் எழுதிவிட்டுப் போயிருந்தாள்:
அறை ஏழு, மெர்ல் பாஸ்கோ,
இரவு முழுக்க ஃபாசிக்கிங்.

புது நோய் என்று நினைத்தேன்.
காய்ச்சல் பார்த்தேன், ரத்த அழுத்தம் பார்த்தேன்.
மருந்து அட்டவணையில் அதற்கொரு மாத்திரை இருக்குமென்று
இரண்டு முறை விரலோட்டினேன்.
ஐஇஎல்டிஎஸ்ஸில் ஏழரை வாங்கியவள்
ஒரு சொல்லைப் போய் யாரிடம் கேட்பது?

மெர்ல் இழுப்பறையை உருவி
மடியில் வைத்திருந்தாள்.
ஒதுக்கினாள், புரட்டினாள்,
ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள்,
திரும்பப் போட்டாள்.
அவள் முகத்தில் நோய் இல்லை.
சம்பள நாள் இருந்தது.

டார்லீன் சிரித்துவிட்டாள், சாண்ட்விச் வாயோடு.
கம்பெனிகள் தோண்டி முடித்துப் போன பிறகு
மிச்ச மண்ணைக் கிளற வருவார்களே, அதுதான், என்றாள்.
சலித்துக் கொட்டிய மண்ணைச்
சலிக்காமல் சலிப்பது
என்று நான் தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
அவளுக்கு விளக்கவில்லை.

இந்த ஊரின் பெயர் எமரால்ட்.
மரகதம் கிடைக்காது.
மேற்கே முக்கால் மணி நேரம் காரோட்டினால்
நீலக்கல் கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால்.
அதற்கு அரசாங்கம் உரிமம் தருகிறது:
ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம்.
கைக்கருவி மட்டும், இயந்திரம் கூடாது.
ஈஸ்டர் விடுமுறையில் குடும்பம் குடும்பமாய்
சல்லடையோடு போகிறார்கள்,
ஒரு வினைச்சொல்லைச் செய்ய.

கைப்பைக்குள் சாவிக்காகச் செய்வதும் அதுதானாம்.
பழைய துணிக்கடையில் செய்வதும்,
நள்ளிரவில் ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்து நிற்பதும்.
சொல் எங்கிருந்து வந்தது?
கப்பலேறி வந்த சுரங்கக்காரர்களின் பேச்சாக இருக்கலாம்
என்கிறது அகராதி.
இருக்கலாம் என்றால் அகராதியும்
மண்ணைத்தான் கிளறிக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கு இரவு வார்டு அமைதி.
ஒரு தமிழ்ச் சொல் எடுத்துவைக்கலாமென்று உட்கார்ந்தேன்.
துழாவுவதற்கு இருட்டு வேண்டும்.
குடைவது பைக்குச் சரி, மலைக்கும் சரி,
ஆனால் அதில் ஒரு கோபம் இருக்கிறது.
நோண்டுவது
யாரோ கையில் அடிக்கும்வரைதான்.
தேடுவதற்கோ
என்ன வேண்டுமென்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பொறுக்குவது என்று எழுதினேன்.
கிட்டத்தட்ட அதே சொல்.
பிறகுதான் உறைத்தது,
பொறுக்குகிறவனை நாங்கள் என்ன பெயர் சொல்லி
அழைக்கிறோம் என்று.
அதே குனிந்த முதுகு, அதே மிச்ச மண்.
இங்கே அவனுக்குத் தொப்பியும் உரிமமும்,
அங்கே அவன் பெயரே ஒரு வசவு.
எழுதியதை அடித்தேன்.
அடித்த பிறகும் அது சரியாகவே இருந்தது.

இரண்டரைக்கு ஏழாம் அறையில் மணி அடித்தது.
இழுப்பறை மறுபடி மடியில்.
"மெர்ல், என்ன தேடுறீங்க?"
"கிடைச்சதும் சொல்றேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
காது மெஷின் பேட்டரி, செல்லாத பேட்டரி,
ஏதோ ஒரு குலுக்கல் சீட்டு, பாதி பிஸ்கட்,
யாருடைய திருமணத்திலோ எடுத்த, தலை வெட்டுப்பட்ட படம்.
அவள் ஒரு பக்கமிருந்து வந்தாள்,
நான் மறுபக்கமிருந்து.
மூலையில் பச்சையாய் ஒரு சட்டைப் பொத்தான்.
விளக்கில் பிடித்தாள், நாக்கில் தொட்டாள்,
"இது இல்லை" என்று
என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

காலையில் குறிப்பேட்டில் எழுதினேன்:
அறை ஏழு, நாலு மணிவரை ஃபாசிக்கிங்.
இருவர்.
எழுத்துக்கூட்டலில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது.
டார்லீன் மேலே சேர்த்திருந்தாள்,
கேள்வி எதுவும் கேட்காமல்.