பசி வந்த மதியம்

நாளொன்றுக்கு நூற்றெண்பது இலை விழும் மெஸ்ஸில்
நான் மாஸ்டர்.
செக்காலை ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள்
மூக்கு இழுத்த வழியில் வந்து சேர்வார்கள்.
நண்டு, காடை, உப்புக்கறி.
கண்ணில் நீர் கோக்காவிட்டால்
இது செட்டிநாடே இல்லை என்பார்கள்.
அவர்களுக்காக மிளகாயை ஒரு பிடி கூட்டுவேன்.

எனக்குப் பசித்து
பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது.

வாசனையே வயிற்றை அடைத்துவிடும், அடுப்படிக்காரனுக்கு.
நாலு மணிக்கு மிச்ச ரசத்தை
நின்றபடியே டம்ளரில் ஊற்றிக் குடிப்பேன்.
எழுந்ததும் ஒன்று, படுக்கப்போகையில் ஒன்று,
வாயுவுக்கு மாத்திரை.

தெய்வானைதான் ஆரம்பித்தாள்.
கல்யாண மண்டபத்தில் பத்து நாள் முகாம்,
கட்டணம் முந்நூறு, பாய் நாமே கொண்டுபோக வேண்டும்.
தையல் மிஷினில் குனிந்து குனிந்து
கழுத்து பிடித்துக்கொண்டவள்
பதினோராம் நாள்
கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு
பூனை மாதிரி முதுகை வளைத்தாள்.
"கட்டிலுக்கடியில் காசு உருண்டுபோச்சா?" என்றேன்.
பதில் இல்லை.
மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.

சிரித்த பாவத்துக்கு
ஒரு வாரம் கழித்து நானும் குனிந்தேன்.
முப்பது படி அண்டாவைச் சாய்க்கிற இடுப்பு
என் கால் கட்டைவிரலைப் பார்க்க மறுத்தது.
கை முட்டியோடு நின்றது.
"போகிற வரைக்கும் போனால் போதும்" என்றாள்.
என் ஆட்களிடம்
ஒருநாளும் நான் சொல்லாத வாக்கியம்.

தினமும் நாலரை மணி.
பால் வண்டி வருமுன் இருபது நிமிடம்.
நாலு எண்ணி இழுக்க, ஆறு எண்ணி விட.
தீயைக் கூட்டத் தெரிந்தவனுக்குத்
தணிக்கத்தான் நாளாயிற்று.
சவாசனம் மட்டும்
முதல் நாளே வந்துவிட்டது,
குறட்டையோடு.

மாசியில் ஒரு வியாழக்கிழமை, பன்னிரண்டே முக்கால்.
வறுவலுக்குச் சோம்பு வெடித்துக்கொண்டிருந்தது.
வயிற்றின் அடியில் எதுவோ தட்டியது.
வலி என்றுதான் நினைத்தேன்.
மாத்திரைக்குப் போன கை
சட்டைப்பையிலேயே நின்றது.
வலிக்குக் கூர் இருக்கும்.
இதற்கு வாய் இருந்தது.

வாராக் கடன் என்று
பேரேட்டில் அடித்துவிட்ட தொகை
வட்டியும் அசலுமாய் வாசலில் வந்து நிற்பதுபோல.

சுற்றிலும் என் கைப்பட்ட பதினாறு வகை.
ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.
கரண்டியைச் சோலையிடம் கொடுத்தேன்.
ஏப்ரனோடு வண்டியை உதைத்தேன்.
கல்லுக்கட்டித் திருப்பத்தில் டிராபிக் போலீஸ்
எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று வழிவிட்டார்.

வாயில் ஊசியோடு நிமிர்ந்தாள் தெய்வானை.
"என்ன, கையைச் சுட்டுக்கிட்டீங்களா?"
"பசிக்குது."
ஊசியை எடுத்துத் தலைப்பில் குத்திக்கொண்டாள்.
என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அரிசி களைந்த தண்ணீரில் வெண்டைக்காய் மண்டி.
முருங்கைக்கீரை, பாதி உதிர்ந்தும் உதிராமலும்.
பருப்பு வெந்த நீரில்
உரித்த வெங்காயம் நாலு, தக்காளி ஒன்று,
கிள்ளிய மிளகாய் இரண்டே இரண்டு:
தண்ணிக் குழம்பு.
இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் கொதிக்கிறது.
எங்கள் மெஸ் போர்டில் இதற்கு இடமில்லை.
பெயரைக் கேட்டாலே காசு கொடுக்க மாட்டார்கள்.

தரையில் சம்மணமிட்டேன்.
முட்டி இரண்டும் தரையைத் தொட்டன.
நான் கவனிக்கவில்லை.
குழம்பு ஊற்றக் குனிந்தவள் கவனித்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
சோற்றை மட்டும் இன்னொரு கை கூடுதலாக வைத்தாள்.

மூன்றாம் முறை பிசையும்போது
ஏழு தடவை அடித்து ஓய்ந்திருந்த போனை
எட்டாவதில் இடதுகையால் எடுத்தேன்.
"வைரவண்ணே, காடை தீய்ஞ்சுபோச்சு,
முதலாளி கத்துறார், எங்கண்ணே இருக்கீங்க?"

"சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன்.

அந்தப் பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம் மட்டும்.
பிறகு சோலை மெதுவாகக் கேட்டான்,
"நீங்களா?"