தையல்

ரசீதின் கடைசி வரி அது.
அறை வாடகை, மூன்று நாள்.
குளுக்கோஸ் நான்கு. பஞ்சு. ஊசி.
அதற்கும் கீழே, நீல மையில்,
தையல், கூடுதல், ஒன்று.
ரூபாய் எண்ணூறு.

பணம் கட்டியது நாகசாமி.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னது
மயக்கத்தில் எனக்குப் பாதிதான் விழுந்தது:
"கல்யாணத்தன்னைக்கு இருந்த மாதிரி
ஆக்கிக் குடுத்திருக்கேன், போங்க."
வேறு யாரையோ சொல்கிறார் என்று கிடந்தேன்.

தொண்ணூறாம் நாள்
சின்னப்பாலத்தில் வல்லம் ஏறினேன்.
மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசி.
விட்டால் பால்மாவுக்கு வேறு கடல் இல்லை.
விரலுக்கு விரல் துணி சுற்றி
ரப்பர் செருப்பை இறுக்கிக் கட்டி
கண்ணாடியை முகத்தில் அழுத்திக் குதித்தேன்.

சொறி பட்ட தடிப்பு எனக்குத் தெரியும்.
பார் கிழித்த முழங்கால் தெரியும்.
பத்து வயதிலிருந்து பழகிய உப்பு
அந்த இடத்தில் என்னைக் கடித்தது
அன்றுதான்.
கத்தினால் வாய்க்குள் தண்ணீர் போகும்.
கத்தாமல் மேலே வந்தேன்,
கையில் ஒரு கொத்துக் கட்டக்கோரை.
அதை விடவில்லை.

அதற்கு முன்னால் இரவுகளும் இருந்தன.
அவற்றுக்கு இவ்வளவுதான் எழுதுவேன்:
நாகசாமி நல்லவர். விளக்கை அணைத்த பிறகு
"வலிக்குதா" என்று ஒரு தடவை கேட்டார்.
பதில் வரும்வரை நிற்கவில்லை.

வல்லத்து விளிம்பில் தொங்கியபடி
ஜெசிந்தாவிடம் சொன்னேன், எரியுது.
எங்கே என்று அவள் கேட்கவில்லை.
தண்ணீரைப் பார்த்து
"எனக்கு ரெண்டு" என்றாள்.
அணியத்துப் பக்கமிருந்து முத்துக்காமி:
"மொத்தம் ஏழாம். அதுல ஒண்ணு அவருக்காம்."
பேச்சித்தாய் விரலை மடக்கினாள், வாய் திறக்கவில்லை.
சீனியம்மாளுக்குத் தையலே இல்லை.
மருத்துவச்சி காலம்.
படிகாரம் வைத்து அடைத்து
தொடை இரண்டையும் ஈரச் சேலையால் சேர்த்துக் கட்டி
ஏழு நாள் போட்டிருக்கிறார்கள்.
"எட்டாம் நாள் நடன்னா. நடந்தேன்,
கடலுக்குத்தான், வேற எங்க போறது."
யாரோ சிரித்தோம்.
எல்லோரும் ஒரே பக்கம் தொங்கியதில்
வல்லம் சாய்ந்து
அரைச் சாக்குப் பாசி தண்ணீரில் போனது.
அன்றைய கூலியில் அது கழிந்தது.

ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில்
தையல், பொருள் தருக என்று வந்தது.
பெண் என்று எழுதி ஒரு மார்க் வாங்கினேன்.
அப்படியானால் எண்ணூறு ரூபாய்க்கு
என் மேல் போட்டிருப்பது இன்னொருத்தியை.
வாய் மூடியவளை.

இப்போது ஐந்து மாதம்.
பாம்பன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் எஸ்தர்
ரத்தம், எடை, உப்பு எல்லாம் குறித்துவிட்டு
"வேற ஏதாச்சும் சொல்லணுமா, நம்புராணி?" என்றார்.
எழுதுங்க, என்றேன்.
கிழிஞ்ச அளவுக்குத்தான் தைக்கணும்.
அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"அதுக்குக் கட்டமே இல்லையேம்மா."
ஓரத்தில் எழுதச் சொன்னேன்.
எழுதினார். அடிக்கோடும் போட்டார்,
நான் கேட்காமலே.

ராத்திரி நாகசாமி அட்டையை வாசித்தார்.
எழுத்துக் கூட்டி, மெதுவாக.
பழைய ரசீதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.
எண்ணூறுக்கு என்ன வாங்குனீங்க, என்று கேட்டேன்.
மடித்தார். விரித்தார்.
வெளியே வாடைக்காற்று ஓலையை உருவிக்கொண்டிருந்தது.
இந்த முறை
பதில் வரும்வரை நிற்கவேண்டியது நான்.
நான் நிற்கவில்லை.
விடிந்தால் பாசி நாள்.
நைந்த சேலையைக் கிழித்தேன்,
பத்து விரலுக்குப் பத்துத் துண்டு.
எண்ணி வைத்தேன்.